வலியை முழுவதும் ஒழிக்கலாமா?

துன்பமே இல்லாத வாழ்வு சாத்தியமா என்ற கேள்விக்கு, உடல் வலியைப் பொறுத்தவரை ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. வட பாகிஸ்தானில் சில குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வலி தெரியவில்லை. அவர்களிடம் எஸ்.சி.என்.9ஏ என்ற மரபணு பழுதாகியிருப்பது 2006இல் கண்டறியப்பட்டது. தொடுவதும் சூடும் குளிரும் அவர்களுக்குத் தெரிந்தன. வலி மட்டும் இல்லை. உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார்கள். தீக்கங்குகள்மேல் நடந்து வேடிக்கை காட்டிய ஒரு சிறுவன், 14 வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்தான்.

வலி தெரியாத உடல் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் என்ற இந்த உண்மையை வேலூர் முன்பே கண்டிருந்தது. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று அப்போது நம்பினார்கள். அவர் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது; உணர்ச்சியற்ற கை கொதிக்கும் பாத்திரத்தையும் விடுவதில்லை; முள் தைத்த கால் நடந்துகொண்டே இருக்கிறது. கவனிக்காத காயங்களே விரல்களைப் பறித்தன. பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் அவரது குழு, உணரிகள் பதித்த கையுறைகளால் செயற்கை வலியை உருவாக்க முயன்றது. எச்சரிக்கை ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தபோது, கையிலிருந்த வேலை முடியும்வரை இணைப்பையே துண்டித்துவிட்டார்கள். முயற்சி கைவிடப்பட்டது. நினைத்தபோது நிறுத்த முடியாது என்பதால்தான் வலி உடலைக் காக்கிறது.

இதைக் காட்டித் துன்பம் எல்லாமே நல்லது என்பது கொடுமையான வாதம். 1847இல் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, சமயத்தின் பெயராலும் எதிர்ப்பு வந்தது. 1853இல் விக்டோரியா அரசியே அதை ஏற்றுப் பிள்ளை பெற்றார். முற்றிய புற்றுநோயின் வலி எதைக் காக்கிறது? சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்லிவிட்ட பிறகும் அது ஓய்வதில்லை. 1967இல் லண்டனில் நோய்த்தணிப்பு இல்லம் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி திரும்பும் முன்பே குறித்த நேரத்தில் மருந்து கொடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். சாகப்போகிறவரின் அச்சத்தையும் குடும்பக் கவலையையும்கூட அவர் வலியின் பகுதியாகவே கருதினார்.

சட்டப்படி அபினி விளைவிக்கும் இந்தியாவில், அதிலிருந்து எடுக்கும் வலிநீக்கி மருந்தான மார்ஃபின் 1985இன் போதைப்பொருள் சட்டத்தால் நோயாளிகளுக்கு எட்டாப்பொருளானது. 2014இல் சட்டம் தளர்த்தப்பட்டது. ஆனாலும், விலை மலிவான இந்த மாத்திரை தேவைப்படுவோரில் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. உடனே நீக்கக்கூடியதும் நீக்க வேண்டியதும் இந்தத் துன்பம்தான்.