கார்டு மாற்றியபின் கண் திறக்காத கணிப்பொறி

கட்டடக் கலையோ அசைவூட்டப் படக் கலையோ பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இன்று அடிக்கடி எழும் கோரிக்கை ஒன்றுண்டு. வீட்டுக் கணிப்பொறிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பதே அது. பல மாதச் சேமிப்பு ஒரு சிறு அட்டைப் பெட்டியாக வீடு வந்து சேருகிறது. பழைய கார்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, விசையை அழுத்துகிறான் மகன். விசிறிகள் சுழல்கின்றன, திரையோ இருண்டே கிடக்கிறது. சில வேளைகளில் விசிறிகூடச் சுழல்வதில்லை. தந்தைக்குப் பணம் போயிற்றே என்ற வருத்தம். மகனுக்கு மறுநாள் ஒப்படைக்க வேண்டிய பாட வேலை பற்றிய அச்சம். தாய்க்கோ, பத்தாண்டுகளாக அதில் சேர்த்து வைத்த குடும்பப் புகைப்படங்கள் என்னவாயின என்ற கலக்கம்.

தாயின் கலக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். படங்களும் பாடங்களும் இருப்பது வட்டில். கிராபிக்ஸ் கார்டு செய்வதெல்லாம் திரையில் காட்சியை உருவாக்குவதுதான். கார்டு பேசாமல் இருப்பதனால் வட்டில் உள்ளவை அழிவதில்லை. அவை அழிவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, பதற்றத்தில் செய்யும் காரியங்களால்தான்.

இயந்திரம் நேற்றுவரை நன்றாக இயங்கியது. இடையில் மாறியது ஒன்றே ஒன்று. ஆகவே பழைய கார்டை மீண்டும் பொருத்திப் பாருங்கள். முன்பு கார்டே இல்லாதிருந்தால், புதியதைக் கழற்றிவிட்டுத் திரையின் கம்பியை மதர்போர்டில் உள்ள துளையில் இணையுங்கள். (பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் வகைகளில் இந்த வசதி இல்லை என்பதை நினைவிற் கொள்க.) காட்சி வந்துவிட்டதா? அப்படியானால் மதர்போர்டும் நினைவகமும் நலமே. இந்தச் சோதனையைச் செய்யாமலே "மதர்போர்டு போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்று தீர்ப்புக் கூறுவோரிடம் பணத்தைக் கொடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

பெட்டியைத் திறக்குமுன் சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தொடக்க விசையைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடியவிட வேண்டும். உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க, பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்வது நன்று. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. இணைப்பை எடுத்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

இனி, மிக எளிய காரணம். புதிய கார்டைப் பொருத்திய பின்னும் திரையின் கம்பி பழைய பழக்கத்தால் மதர்போர்டிலேயே செருகப்பட்டிருக்கும்! இது சிரிப்புக்குரியதாகத் தோன்றினாலும் அன்றாடம் நிகழ்வது. கம்பி கார்டின் துளையில்தான் இருக்க வேண்டும். அடுத்து, கார்டு தன் பள்ளத்தில் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தின் முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் கொக்கி பூட்டிக்கொள்ளாவிட்டால், அது அமரவில்லை என்று பொருள்.

இவ்விரண்டும் சரியாயிருந்தால், பெரும்பாலும் குற்றவாளி மின்சாரமே. இதைச் சற்று விரிவாகக் காண்போம். மதர்போர்டின் பள்ளம் ஒரு கார்டுக்கு 75 வாட் வரைதான் தர இயலும். அதற்கு மேல் வேண்டியதைத் தனிக் கம்பிகள் மூலம் எஸ்.எம்.பி.எஸ். நேராகக் கொடுக்க வேண்டும். ஆறு முனைக் கம்பி 75 வாட்டும் எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தர வல்லவை. எடுத்துக்காட்டாக, 2021-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கார்டு 170 வாட் வாங்குவது. அதற்கு மொத்தம் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டுமென்று தயாரிப்பாளரே கூறுகின்றனர். அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்து, பின் மலிவாக விற்பனைக்கு வரும் கணிப்பொறிகள் பலவற்றில் இருப்பதோ 200 முதல் 300 வாட் வரைதான். அத்தகைய கார்டுக்கான கம்பியே அவற்றில் இராது. நம் இல்லங்கள் பலவற்றில் உள்ளவை இத்தகையனவே ஆதலால், கார்டு வாங்குமுன் எஸ்.எம்.பி.எஸ். மீது ஒட்டியுள்ள சீட்டைப் படித்தாலே பாதித் துன்பம் நீங்கும்.

கம்பி இல்லாத குறையைப் போக்கக் கடைகளில் சிறு மாற்றுக் கம்பிகள் கிடைக்கின்றன. வட்டுக்குச் செல்லும் சாட்டா முனையிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் வகையைத் தவிருங்கள். அம்முனை 12 வோல்ட்டில் 54 வாட் அளவுக்கே வகுக்கப்பட்டது. அதிலிருந்து 75 வாட்டோ 150 வாட்டோ உறிஞ்சினால் உருகவும் எரியவும் கூடும். பிராசசருக்கான எட்டு முனைக் கம்பியும் கார்டுக்கான எட்டு முனைக் கம்பியும் பார்வைக்கு உடன்பிறப்புகள் போலிருக்கும். ஆனால் மின்முனைகளின் வரிசை வேறு. பொருந்தாததை அழுத்தித் திணிக்க வேண்டாம். கம்பிகளைத் தனியே கழற்றக்கூடிய எஸ்.எம்.பி.எஸ். ஆயின், வேறொரு நிறுவனத்தின் கம்பியை அதில் மாட்டலாகாது. முனை பொருந்தினாலும் உள்ளமைப்பு மாறுபட்டு, பொருள்களைக் கருக்கிவிடலாம்.

மின்சாரமும் சரிதான், இருந்தும் காட்சியில்லை என்றால், மதர்போர்டு தரும் குறிப்புகளைக் கவனியுங்கள். பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் காட்சிப் பகுதியில் கோளாறு என்பதைக் குறிக்கும். புதியவை பலவற்றில் வி.ஜி.ஏ. என்ற எழுத்துக்கு அருகே சிறு விளக்கு எரியும். 2012-க்கு முற்பட்ட கார்டுகள் பலவற்றில், யூ.இ.எஃப்.ஐ. எனும் இன்றைய தொடக்க முறைக்குரிய பகுதி இல்லை; பழைய கார்டைப் புதிய மதர்போர்டில் இட்டால் அதனாலேயே திரை இருண்டிருக்கலாம். அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர, மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற சிறு மின்கலத்தைச் சில நிமிடம் எடுத்து வைப்பது வழக்கம்.

அங்கேதான் எச்சரிக்கை தேவை. அமைப்பு மாறினால், பழைய முறையில் பதிக்கப்பட்ட விண்டோஸ் தொடங்க மறுக்கலாம். அல்லது, வட்டு பிட்லாக்கர் கொண்டு பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கத் திறவுகோலைக் கேட்டு நிற்கலாம். வட்டே போயிற்று என்று எண்ணி விண்டோஸைப் புதிதாகப் பதிக்க முனைவோர் உண்டு. தாய் அஞ்சிய இழப்பு உண்மையாக நிகழ்வது அப்போதுதான். அமைப்பை முன்பிருந்த நிலைக்கே திருப்பினால் பெரும்பாலும் எல்லாம் மீளும். திறவுகோல் பல வேளைகளில் உரிமையாளரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கார்டில் கைவைக்குமுன்பே அதை எடுத்துத் தாளில் எழுதி வைப்பது சாலச் சிறந்தது.

நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றி, விண்டோஸ் தொடங்கும்போது மட்டும் இருள் சூழ்ந்தால், கார்டிலோ மின்சாரத்திலோ குற்றம் இருப்பது அரிது. பழைய கார்டின் டிரைவர் மென்பொருள் தடையாக நிற்கிறது எனலாம். சேஃப் மோடு வழியாகச் சென்று அதை நீக்கினால் போதும்.

இத்தனைக்கும் அசையாவிடில் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். செல்லும்போது பழைய கார்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கட்டம்வரை இயந்திரம் வந்தது, எதை மாற்றியபோது எது நிகழ்ந்தது என்பதை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். புதிய கார்டை அங்குள்ள வேறொரு கணிப்பொறியில் உங்கள் முன்னிலையிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸைப் புதிதாகப் பதிக்கலாம் என்று பேச்செடுத்தால், முதலில் வட்டிலுள்ளவற்றை நகல் எடுத்துத் தரும்படி கேட்டு, அந்த நகலில் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே இசைவு கொடுங்கள்.