டோக்கன் காலம்

1990களில் மலேசியாவின் பங்சார் முதல் கிள்ளான் வரை, இளையோர் பலருக்கு மாலைப்பொழுது வீடியோ விளையாட்டு மையங்களில் கழிந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டு இயந்திரத்தின் விளிம்பில் டோக்கனை வைத்தவருக்கே அடுத்த ஆட்டம். தோற்றவர் இடம்விட, வென்றவர் தொடர்வார். 1994இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் என்ற வீட்டு விளையாட்டுக் கருவி அறிமுகமானது. மையங்களில் கண்ட தரத்திலான படமும் ஒலியும் வீட்டுத் தொலைக்காட்சிக்கே வந்தன. இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குத் திருட்டு விளையாட்டு வட்டு கிடைக்க, டோக்கனுக்குச் செலவழிப்பானேன்? சூதாட்டப் புகாரும் சேர, 2001இல் பிரதமர் மகாதீரின் அரசு இம்மையங்களை மூடச் சொன்னது. தடை இல்லாத அமெரிக்காவிலும் இத்தொழில் தேய்ந்தது என்பதையும் மறக்கக்கூடாது. இன்று எஞ்சியவை பெரும்பாலும் பேரங்காடிகளின் குடும்பக் கேளிக்கை மையங்களே. நடன மேடை, கார் பந்தய இருக்கை, பொம்மை பிடிக்கும் இயந்திரம் என வீட்டுக்குள் அடங்காதவைதான் அங்கே ஆட்களை ஈர்க்கின்றன.