வீட்டை வைத்து மாதப் பணம்: கையெழுத்துக்கு முன் யாரைக் கேட்பது?

திருமானூரில் நாற்பது ஆண்டு மளிகைக் கடை நடத்திவிட்டு, கடையை மகன் பொறுப்பில் விட்டிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் நம் மண்டிக்கு வந்தார். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். "வீட்டை எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் பணம் வருமாம், உயிரோடு இருக்கும்வரை திருப்பிக் கட்டவே வேண்டாமாம். இப்படி ஒரு கடன் உண்டா அண்ணே?" என்று கேட்டார்.

உண்டு. ரிவர்ஸ் மார்ட்கேஜ், அதாவது தலைகீழ் அடமானக் கடன் என்பது இதன் பெயர். 2007-08 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் இதை அறிவித்தார். தேசிய வீட்டு வசதி வங்கி விதிமுறைகளை வகுத்தது. 60 வயது நிறைந்தவர், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிக் குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் ஒருவருக்கு 60, மற்றவருக்கு 55 வயதுக்கு மேல் இருக்க வேண்டும். இருவர் காலமும் முடிந்த பிறகுதான் கணக்குத் தீர்ப்பார்கள். வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இல்லையேல் விற்று, மிச்சம் இருந்தால் அவர்களுக்குக் கொடுப்பார்கள். வரும் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி நிற்பதில்லையே! மாதம் 10,000 ரூபாய் வீதம் 15 வருடம் வாங்கினால் கைக்கு வருவது 18 லட்சம். வருட வட்டி 10 சதவீதம் என்று வைத்து, மாதாமாதம் வட்டியை முதலில் சேர்த்துக் கணக்குப் போட்டால் அன்றைய கடன் சுமார் 41 லட்சம்! வட்டிக்கு வட்டி என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக் காரியம் என்றால் மட்டும் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம்.

"இதையெல்லாம் உங்களுக்கு விளக்கியது யார்?" என்று கேட்டோம். கடன் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் வாங்கும் ஆள் என்று தெரிந்தது. விற்கிறவனிடமே சரக்கு நல்லதா என்று கேட்பதுண்டா?

அமெரிக்காவில் அரசு காப்புறுதியுடன் கொடுக்கும் இத்தகைய கடனுக்கு, அந்நாட்டு வீட்டு வசதித் துறை அங்கீகரித்த ஆலோசகரிடம் முதலில் பேசியாக வேண்டும். அந்த ஆலோசகர் கடன் கொடுப்பவரைச் சாராதவராக இருக்க வேண்டும். நம் நாட்டில் அப்படிச் சான்றிதழ் வாங்கி வரும் கட்டாயம் இல்லை. ஆகவே ஆளை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தம் வருமானம் மாறாதவரே இதற்குத் தகுந்தவர். பத்திரம் பார்க்க ஒரு வக்கீல், கணக்குப் பார்க்க ஆடிட்டர் அல்லது செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். முதல் பேச்சிலேயே, "இதில் உங்களுக்கு வேறு இடத்திலிருந்து கமிஷன் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டில் வாரிசுகளையும் வைத்துக்கொண்டு பேசச் சொல்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

நண்பரை அரியலூரில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனோம். அவர் வாங்கிய கட்டணம் ஒரு மூட்டை துவரம்பருப்பு விலைகூட வராது. கேட்ட கேள்விகள் நான்குதான். மூலப் பத்திரம் எங்கே? கடைக்கு வாங்கிய ஓ.டி.க்காக வங்கியில் இருந்தது. வில்லங்கம் உள்ள வீட்டுக்கு இந்தக் கடன் கிடையாது. இடம் யார் வாங்கியது? பாதி நண்பர் வாங்கியது, பாதி அப்பா வழி வந்தது. பூர்வீகச் சொத்து இதில் சேராது. பணம் எதற்கு? மகன் கடையில் சரக்குப் போட. அதற்கும் இடமில்லை, வியாபாரத்துக்கும் ஊக வாணிபத்துக்கும் இந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? முன்பக்க அறை வாடகைக்கு விட்டிருந்தது. கடன் எடுத்த பிறகு வீட்டை வாடகைக்கு விட்டாலோ, தொடர்ந்து ஒரு வருடம் மகன் வீட்டில் போய் இருந்துவிட்டாலோ, வீட்டு வரி கட்டத் தவறினாலோ கடனை முன்கூட்டியே திருப்பிக் கேட்கலாம்.

கமிஷன்காரர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. நண்பர் திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை.

வக்கீல் கட்டணமும் சிரமம் என்போர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. வீடு மனைவி பெயரில் இருந்தால் அவரே மனுச் செய்யலாம். மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

அவசரப்பட்டுக் கையெழுத்திட்டுவிட்டவர்களுக்கும் ஒரு செய்தி. மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய அவகாசம் தரலாம் என்று விதிமுறையில் இருக்கிறது. பணம் வாங்கியிருந்தால் அதற்குள் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அந்த அவகாசம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் நண்பர் இப்போது ஓ.டி.யை அடைத்துப் பத்திரத்தை மீட்கும் வேலையில் இருக்கிறார். படிவம் அவர் கல்லாப் பெட்டியில் மடித்தபடி கிடக்கிறது. வெளியூரில் இருக்கும் மகளிடம் இன்னும் சொல்லவில்லையாம். தீபாவளிக்கு வரும்போது சொல்வதாக இருக்கிறார்.