வீட்டுக்கு ஒரு காவல் கண்

தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நாளில் நம் வீட்டுக்குக் காவல் எது? பக்கத்து வீட்டு அக்காவின் கண்தான்! புதிதாக ஒருவர் தலை தெரிந்தால், வரிசை முழுதும் எட்டிப் பார்க்கும். இன்று ஜொகூரில் கூலாய், ஸ்கூடாய், மாசாய் என்று தாமான்களுக்குப் பலர் குடி வந்துவிட்டோம். பொழுது விடியுமுன் கணவர் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே. ஆகவே கேமராவைத் தேடுகிறோம்.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற தாதி, வேலை நேரம் மாறி மாறி வந்ததால் வீட்டில் தனியே இருக்க அஞ்சினார். 1966-இல் கணவரோடு சேர்ந்து ஒரு சாதனத்தை வகுத்தார். கதவில் மேலும் கீழுமாகத் துவாரங்கள், அவற்றின் வழியே பார்க்கும் கேமரா, உள்ளே ஒரு திரை, வந்தவரோடு பேச ஒலிவாங்கி. 1969-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கவனித்தீர்களா? அவர் கேமராவை வைத்தது கூரையில் அன்று; முகம் வந்து நிற்கும் கதவில்!

நாமோ உயரே ஒன்றை மாட்டி, முற்றம் முழுவதையும் பார்க்க ஆசைப்படுகிறோம். திருடன் வந்தால் தொப்பிதான் தெரியும். முன்பின் அறியாதவரை அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது அனைத்துலக அளவு. படத்தின் அகலம் 1920 புள்ளிகள் உள்ள கேமரா, ஏறக்குறைய ஏழரை மீட்டர் அகலம் வரைதான் அப்படிக் காட்டும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் வீட்டைச் சுற்றி வாருங்கள். வெளிக்கதவு, முன்வாசல், சமையற்கட்டுப் பின்கதவு மூன்றையும் தாளில் வரைந்து, ஒவ்வொன்றிலும் எதைப் பார்க்க வேண்டுமென்று எழுதுங்கள். காலை வெயில் நேரே கேமராவில் விழுந்தால் முகம் கறுத்துப்போகும். இருட்டு மூலையில் ஒரு விளக்குப் போடுங்கள்.

பதிவுக்கும் கணக்கு உண்டு. நான்கு கேமராக்கள், தலைக்கு நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால், ஒரு டெராபைட் வட்டு சுமார் 11 நாளில் நிரம்பிவிடும்; பிறகு பழைய படம் அழியும். ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் பெரிய வட்டாக வாங்குவது நல்லது. நம் பக்கத்து இடி மின்னலுக்கு மின்பாய்ச்சல் தடுப்பானும், மின்சாரம் போனால் தாங்க மின்கலமும் தேவை. கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற கெடுநிரல், மாற்றாமல் விட்ட அத்தகைய சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றியது.

இன்னொன்று: அடுத்த வீட்டு வாசலையும் சன்னலையும் நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். அந்த வீட்டாரின் நட்பு நமக்கு வேண்டும். 1975-இல் நம் நாட்டில் ரூக்குன் தெத்தாங்கா தொடங்கியதும் அண்டை வீட்டாரை நம்பித்தானே! கேமரா நடந்ததைக் காட்டும், "யாரது?" என்று ஓடிவராது. அதற்குப் பக்கத்து வீட்டு அக்காதான் வேண்டும்.