புதுவை மாணாக்கரும் சீதோஷ்ணப் படிப்பும்

சீதோஷ்ண நிலை மாறிவரும் விதத்தையும் சுற்றுச்சூழலைக் காக்கும் முறைகளையும் மாணாக்கர்களுக்குப் போதித்தல் இக்காலத்தில் இன்றியமையாததாகிவிட்டது. சுற்றுச்சூழற் படிப்பைக் கட்டாயமாக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ம் வருஷத்தில் உத்தரவிட்டு, 2003-ல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. எனினும், துருவத்துப் பனி உருகுவதைப் புஸ்தகத்தில் படிக்கும் சிறுவன் தன் ஊர்க் கடற்கரையையும் ஏரியையும் உற்றுப் பாராவிடின், அப்படிப்பின் பயன் சொற்பமே.

புதுவை நகரின் கடற்கரையே இதற்குத் தக்க பாடமாகும். இக்கரையோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மாத்திரம் அது தெற்கே செல்லும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்திற்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. அதன் பின்னர் மணல் தென்புறத்திலேயே தங்கிவிட, நகரத்துக் கடற்கரை அரிக்கப்பட்டுக் கருங்கற்பாறைகளே எஞ்சின. கற்களைக் கொட்டிக் காத்த இடத்திற்கு வடக்கே அரிப்பு மீனவர் குப்பங்களைத் தாக்கிற்று. இக்கேட்டிற்கு முதற்காரணம் மனிதர் கட்டிய சுவரேயன்றி, உலகத்தின் உஷ்ணம் உயர்ந்தமையன்று. கடல்மட்டம் உயருங்கால் அது மேலும் கடுமையாகக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே நல்ல போதனையாம்.

மழை விஷயமும் அத்தகையதே. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுவைக்கு அருகில் கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் நகரில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. காற்றின் உஷ்ணம் 1 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால், அது நூற்றுக்குச் சுமார் 7 பங்கு அதிகமாக நீராவியைத் தாங்கும். ஆகையால் பெருமழைகள் வலுக்குமென எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ஆயினும் ஒரு வருஷத்து மழையைக் கொண்டு எதையும் நிச்சயிக்கலாகாது. பல வருஷக் கணக்கு வேண்டும். அக்கணக்கை எழுதும் பழக்கத்தை மாணாக்கர் இளமையிலேயே கைக்கொள்ளலாம்.

இவ்விஷயத்தில் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் செய்யக்கூடிய உதவி அதிகம். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் புதுவைப் பிரதேசத்துப் பெரிய ஏரிகள். வரத்துக் கால்வாய், மதகு, கலிங்கல் முதலியவற்றை நகரத்து மாணாக்கருக்கு நேரில் காட்டி விளக்கத்தக்கவர்கள் ஆயக்கட்டுதாரரே. பாடசாலைக்கு ஒரு மழைமானி வாங்கித் தரலாம். உபாத்தியாயரின் மேற்பார்வையில் தங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளக்க அனுமதிக்கலாம். கடலோரத்தில் நீரை மிதமிஞ்சி இறைத்தால் உப்புநீர் உட்புகும். கிணற்று நீரின் உப்பளவைத் தவறாது குறித்துவரின், பயிர் கெடுமுன்னரே எச்சரிக்கை கிடைக்கும்.

இக்குறிப்புகளின் பிரதியொன்றைக் கிராம அலுவலகத்தில் வைத்தால், நாற்றுவிடும் காலத்தையும் பயிரையும் நிர்ணயிப்பதற்கு அது உதவும். கால்வாயில் குப்பை கொட்டலாகாதென்று சிறுவருக்குப் போதிக்குமுன், பெரியோர் அதனை அநுசரித்துக் காட்டுதல் நலம்.