வானம் பார்த்த கண்ணாடி

பிள்ளைகளே, அது ஒரு பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை விடியற்காலை. மாரி மழை ஓய்ந்து வானம் வெளித்திருந்தது. இரவு முழுக்கக் காற்றும் இல்லை. திருகோணமலை உட்துறைமுகம் அலையே இல்லாமல் கிடந்தது. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதற்காக எங்கள் பழைய டொல்பின் வானில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். அக்காவின் மகள் பின் கண்ணாடியை விரலால் தடவியபடி நின்றாள்.

"மாமா, இந்தக் கண்ணாடியில கொப்பி மாதிரி ஏன் கோடு கோடாக் கிடக்கு?"

"அது ஐஸ் உருக்குற கோடு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "திருகோணமலையில ஐஸா?"

சிரிப்பு நியாயமானதுதான். எங்கள் ஊரில் மிகக் குளிரான இரவில்கூட வெப்பமானி 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் அந்த வான் பிறந்த ஊர் ஜப்பான். அங்கே பனிக்காலத்தில் வாகனக் கண்ணாடிகளில் வெள்ளை வெளேரென்று பனி உறைந்துவிடும். அதனால்தான் வெள்ளி கலந்த பசையால் கண்ணாடியில் கோடுகளை அச்சடித்து, சூளையில் சுட்டுப் பதிக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் பற்றரியிலிருந்து மின்சாரம் அந்தக் கோடுகளில் ஓடும். ஸ்திரிக்கைப் பெட்டி சூடாவது போலக் கோடுகளும் மெல்லச் சூடாகும். ஒரு பெட்டியும் மேலே நெளிந்து போகும் மூன்று அம்புகளும் வரைந்த பொத்தானைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் இது.

"சரி, அங்க ஐஸ் எப்பிடி வருது? மழை உறையுதா?"

இதற்கு விடை எங்கள் முற்றத்திலேயே இருந்தது. அவளை வானைச் சுற்றி நடக்கச் சொன்னேன். பின்பகுதி வேப்பமரத்தின் கீழ் நின்றது. அது காய்ந்திருந்தது. முன்பகுதி திறந்த வெளியில் நின்றது. முன் கண்ணாடி முழுக்க நீர்த்துளிகள்! நிலமோ காய்ந்து கிடந்தது. மழை பெய்யவில்லை.

அந்த நீர் காற்றிலிருந்து வந்தது. காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி எப்போதும் உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 30 பாகையில் அந்தப் பெட்டி நிறையச் சுமார் 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 பாகையில் 17 கிராம்தான் இருக்க முடியும். பூச்சியம் பாகையில் வெறும் 5 கிராம். காற்று குளிரக் குளிர, மிஞ்சிய நீராவி அருகில் உள்ள குளிர்ந்த பொருளில் துளியாகப் படிகிறது. அதுதான் பனித்துளி.

அப்படியானால் வானின் முன் கண்ணாடி மட்டும் ஏன் குளிர்ந்தது? எல்லாப் பொருள்களும், நீங்களும் நானும்கூட, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறோம். வேப்பமரத்தின் கீழ் நின்ற பகுதி விட்ட வெப்பத்துக்கு ஈடாக இலைகளும் வெப்பம் தந்தன. திறந்த வெளியில் நின்ற பகுதி வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்தது. மேகமில்லாத வானமோ கொஞ்சம்தான் திருப்பித் தரும். இரவு முழுக்கக் கொடுத்துக் கொடுத்து, அந்தக் கண்ணாடி சுற்றியிருந்த காற்றைவிடக் குளிர்ந்துபோனது. மேகம் மூடிய இரவில் இப்படி நடக்காது. மேகம் ஒரு போர்வை.

இப்போது அதே வானை நுவரெலியாவுக்கு ஓட்டிப் போவோம். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் ஊரில் 28 பாகை என்றால் அங்கே சுமார் 16. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் இன்னும் இறங்கும். காற்று 2, 3 பாகையில் இருக்கும்போதே, வானம் பார்த்த கண்ணாடியும் புல்லும் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். அப்போது நீராவி துளியாக மாறாமல் நேரே ஐஸ் ஊசிகளாகப் படியும். அதை உறைபனி என்கிறோம். அது விழுந்த தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். நம் முற்றத்துப் பனித்துளிக்கு உறைபனி அக்கா முறை.

அன்று மாலை ஆறு மணிக்கு கனடாவிலிருந்து சித்தப்பா கதைத்தார். ஸ்காபரோவில் அப்போது காலை ஏழரை மணி. வேலைக்குப் போகுமுன் காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "கரக், கரக்" என்ற சத்தம் போனில் கேட்டது.

"சித்தப்பா, கொதி தண்ணி ஊத்தினா உடன கரைஞ்சிடுமே!" என்றாள் மருமகள்.

"ஐயோ, ஊத்தக் கூடாதம்மா!" என்றார் அவர்.

ஏன் கூடாது? சூடு பட்ட இடத்துக் கண்ணாடி விரியும். பக்கத்தில் குளிர்ந்திருக்கும் இடம் விரியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, கண்ணாடி வெடித்துவிடலாம். ஊற்றிய நீரும் சற்று நேரத்தில் உறைந்துவிடும். ஐஸை உருக்குவது சின்ன வேலையும் இல்லை. ஒரு கிராம் ஐஸை நீராக்கத் தேவைப்படும் வெப்பம், அதே நீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்துக்குச் சமம். அதனால் காரை இயக்கி மெல்லச் சூடாக்க வேண்டும். கண்ணாடியை ஒட்டிய படை மட்டும் உருகினால் போதும், மிச்சத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் தள்ளிவிடலாம். மதுசாரம் கலந்த திரவத்தைத் தெளிப்பதும் உண்டு. அது கலந்த நீர் பூச்சியத்தில் உறையாது.

உப்பும் அதே வேலையைச் செய்யும். மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் பெரிய ஐஸ் கட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலையில் நல்ல தண்ணீர் நிறைத்த தகரப் பெட்டிகளைக் கடும் குளிரான உப்பு நீரில் இறக்கி வைப்பார்கள். உள்ளே உள்ள தண்ணீர் உறையும், வெளியே உள்ள உப்பு நீர் உறையாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சில்வர் பேணியில் நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு போட்டுக் கரண்டியால் கலக்குங்கள். பேணியின் வெளிப்பக்கம் முதலில் நனையும். சற்று நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். திருகோணமலையில் உறைபனி! பேணியைத் துணியால் பிடியுங்கள். அந்தக் குளிர் தோலைச் சுடும்.

இன்னொரு சோதனையை என் மருமகள் செய்தாள். அன்றிரவு வானை மரத்தடியிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தி, முன் கண்ணாடியின் பாதியைக் காட்போட் மட்டையால் மூடினோம். விடியப் போய் மட்டையைத் தூக்கினாள். மூடிய பாதி காய்ந்திருந்தது. மற்றப் பாதியில் துளிகள். நடுவே அடிமட்டம் வைத்துக் கீறியது போல ஒரு கோடு.

அதைப் படமெடுத்து ஸ்காபரோவுக்கு அனுப்பினாள். இப்போது பனி எதிர்பார்க்கும் இரவுகளில் சித்தப்பா காரின் முன் கண்ணாடிக்கு ஒரு பழைய விரிப்பைப் போர்த்திவிட்டுத்தான் படுக்கப் போகிறார். நீங்களும் வானம் தெளிந்த ஓர் இரவில் மட்டையை வைத்துப் பாருங்கள். கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று எழுதி அனுப்புங்கள்.