சர்வர்களை ஒன்றாக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

2021 மார்ச் 10, நள்ளிரவு கடந்த நேரம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் தீப்பற்றி முழுவதும் எரிந்தது. பல வாடிக்கையாளர்களின் இணையதளங்கள் ஒரே இரவில் காணாமல் போயின. பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த சிலருக்கு அடுத்த அதிர்ச்சி, அந்த நகலும் அதே கட்டடத்தில்தான் இருந்திருக்கிறது. பாதிக்கப்பட்ட ஒரு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நகலைத் தனியாக வைப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டு அங்கேயே வைத்தது ஒப்பந்த மீறல் என்று லில் நகர வணிக நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

சர்வர்களைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் மனத்தில் இருத்த வேண்டிய வழக்கு இது.

எப்படி ஒன்றாக்குகிறார்கள்?

கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று என வாங்கிப் போட்ட சர்வர்கள் பெரும்பாலான நேரம் வேலையின்றியே ஓடுகின்றன. மின்கட்டணமும் ஏசி செலவும் மட்டும் குறைவதில்லை. இவற்றை ஒன்றாக்க உதவும் ‘ஹைப்பர்வைசர்’ என்ற மென்பொருள் ஒரே இயந்திரத்தின் பிராசஸரையும் நினைவகத்தையும் பங்கிட்டு, அதில் பல மெய்நிகர் கணினிகளை இயக்குகிறது. வி.எம்.வேர் இ.எஸ்.எக்ஸ்.ஐ., மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி, லினக்ஸின் கே.வி.எம். ஆகியவை இந்த வகை.

இன்னொரு வழி கன்டெய்னர். எல்லா கன்டெய்னர்களும் ஒரே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பகிர்ந்துகொள்வதால் சுமை குறைவு. ஆனால் நடுவில் உள்ள சுவரும் மெல்லியது. வெவ்வேறு வாடிக்கையாளர்களின் தரவைப் பிரித்து வைக்க அதை மட்டும் நம்பக் கூடாது.

எங்கே ஆபத்து?

பத்து சர்வரில் ஒன்று பழுதானால் ஒரு வேலை நிற்கும். பத்தும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் அலுவலகமே நிற்கும்.

தாக்குபவர்களுக்கும் இது தெரியும். 2023 பிப்ரவரியில் ‘இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஆர்க்ஸ்’ என்ற பிணைப்பணத் தாக்குதல் உலகெங்கும் 3,800க்கும் மேற்பட்ட சர்வர்களை முடக்கியது. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளியாகியிருந்தது. இரண்டு ஆண்டுகள் அதைப் போடாமல் இணையத்தில் திறந்து வைத்திருந்த இயந்திரங்களே சிக்கின.

மூன்றாவது ஆபத்து உரிமத்தில் இருக்கிறது. 2023 நவம்பரில் வி.எம்.வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. ஒரே மென்பொருளை நம்பி எல்லாவற்றையும் கட்டியிருந்த பல நிறுவனங்களின் வரவுசெலவுக் கணக்கு அதில் தலைகீழானது.

என்ன செய்யலாம்?

• ஒரு இயந்திரம் விழுந்தால் மற்றவை தாங்க வேண்டும். நான்கு இருந்தால், எதிலும் 75 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றாதீர்கள்.

• மெய்நிகர் கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அது பெரும்பாலும் அதே சேமிப்பகத்தில்தான் இருக்கும்.

• மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். ஒரு நகலாவது நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து இருக்கட்டும். பேக்கப்புக்குத் தனி பாஸ்வேர்டு வையுங்கள்.

• ஹைப்பர்வைசரின் நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

• மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மெய்நிகர் கணினியை நகலிலிருந்து மீட்டு இயக்கிப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

உங்கள் உரிமையும் பொறுப்பும்

இந்தியாவில் வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவைக்குப் பொதுவாக நுகர்வோர் நீதிமன்றம் கைகொடுக்காது. ஒப்பந்தம்தான் உங்கள் கேடயம். நகல் இருக்கும் இடம், எத்தனை மணி நேரத்தில் மீட்டுத் தருவார்கள், விலகும்போது தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டா ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். மீறினால் வக்கீல் நோட்டீஸ், அடுத்து சமரசம். 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள தகராறு என்றால் வணிக நீதிமன்றமும் உண்டு.

உங்கள் வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. அவர்களின் தகவலை நீங்கள் வேறொருவர் சர்வரில் வைத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையதே என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அது வழி செய்கிறது. பிணைப்பணத் தாக்குதல் போன்ற சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் 180 நாள் செயல்பாட்டுப் பதிவுகளையும் (லாக்) வைத்திருக்க வேண்டும்.

சர்வர்களைக் குறைத்து மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு, வேறு ஊரில் இருக்கும் அந்த நகலுக்குப் போகட்டும். நாளைக் காலையே உங்கள் சேவை நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள்: “எங்கள் நகல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது?”